பெல்ட்டை மாற்றும் முன்

காரின் பானெட்டுக்குள்ளிருந்து ‘கீச், கீச்’ என்று சத்தம் வரத் தொடங்கினால், அதற்குப் பிறகு நடப்பவை கிட்டத்தட்ட எழுதி வைத்ததுபோல நடக்கும். மெக்கானிக் எட்டிப் பார்த்து, “ஃபேன் பெல்ட் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்பார். பெல்ட் மாறும், சத்தம் நிற்கும். சில வாரம் கழித்து ஒரு குளிர்ந்த காலையில் அதே சத்தம் மறுபடி கேட்கும். பெல்ட் கம்பெனி சரியில்லை என்று முடிவாகி, வேறு கம்பெனி பெல்ட் ஏறும். பெங்களூரு போன்ற ஊரில், எஞ்சின் ஓடும் நேரத்தில் பாதி ஊர்ந்தும் நின்றும் கழியும் ஊரில், இது அடிக்கடி நடக்கிறது. என் வாதம் இதுதான்: கீச்சொலி பெல்ட்டில் கேட்கிறது, ஆனால் அதன் காரணம் பெரும்பாலும் பெல்ட்டில் இல்லை. பெல்ட் ஓடும் பாதையில் ஏதோ ஒரு புல்லி சற்றே கோணலாகியிருக்கிறது, அல்லது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது, அல்லது ஒரு பேரிங் வறண்டிருக்கிறது. அது எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டாம். காதும் கொஞ்சம் தண்ணீரும் பத்து நிமிடப் பொறுமையும் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நாம் செலவிடாததால்தான் நல்ல பெல்ட்டுகள் குப்பைக்குப் போகின்றன, கெட்ட பேரிங்குகள் வண்டியிலேயே தங்கிவிடுகின்றன.

எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் நுனியில் ஒரு பெரிய புல்லி இருக்கிறது. அதன் சுழற்சியை ஆல்டர்நேட்டருக்கும் ஏசி கம்ப்ரஸருக்கும், பல கார்களில் வாட்டர் பம்புக்கும், பழைய வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் பம்புக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது இந்த ரப்பர் பெல்ட். (எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் வேறு, அது மூடிக்குள் இருப்பது, இங்கே பேச்சு அதைப் பற்றியது அல்ல.) பெல்ட்டின் உள்பக்கம் நீளவாக்கில் வரி வரியாக மேடும் பள்ளமும் ஓடும். முதுகில் ‘6 பிகே 1500’ என்று அச்சிட்டிருந்தால் ஆறு வரிகள், 1,500 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 3.56 மி.மீ. இப்படிப்பட்ட ஒரு பெல்ட்டை, 14 செ.மீ. விட்டமுள்ள கிராங்க் புல்லியோடு, நிமிடத்துக்கு 750 சுற்று ஓடும் ஐட்லிங் நிலையில் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெல்ட் விநாடிக்கு ஐந்தரை மீட்டர் ஓடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பேட்டரி இழந்ததைத் திரும்பக் கேட்கும். ஆல்டர்நேட்டர் 40 ஆம்பியர் கொடுக்கிறது என்று வைத்தால், வெப்பமாக வீணாவதையும் சேர்த்து அதைச் சுழற்றச் சுமார் 900 வாட் தேவை. ஐந்தரை மீட்டர் வேகத்தில் அத்தனை சக்தியைக் கடத்த பெல்ட் சுமார் 17 கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையோடு அந்தச் சின்ன புல்லியை இழுத்தாக வேண்டும். பல்லோ கொக்கியோ எதுவும் கிடையாது. முழுக்க முழுக்க உராய்வை நம்பியே இது நடக்கிறது.

உராய்வு இதைத் தாங்குவது எப்படி என்பதற்கு 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் கணக்கு கொடுத்துவிட்டார். உருளையைச் சுற்றிய கயிற்றின் இறுக்கமான பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள இழுவிசை விகிதம், சுற்றிய கோணமும் உராய்வும் கூடக் கூட அடுக்குக்குறியாக ஏறும் என்பது அதன் சாரம். ஆல்டர்நேட்டர் புல்லியை பெல்ட் 150 டிகிரி சுற்றியிருக்கிறது, உராய்வு எண் 0.4 என்று கொள்வோம். தட்டையான பெல்ட்டாக இருந்தால் விகிதம் மூன்றுக்கும் குறைவு. வரிகள் 40 டிகிரி பள்ளத்துக்குள் ஆப்புபோல இறங்கி இரு சுவர்களையும் முழுமையாகப் பற்றினால், உராய்வின் பயன் கிட்டத்தட்ட மூன்று மடங்காகி, விகிதம் இருபதைத் தாண்டிவிடும். நிஜ பெல்ட் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். ஆனால் முக்கியமான செய்தி இதில் இருக்கிறது: பெல்ட்டின் பலம் ரப்பரின் முரட்டுத்தனத்தில் இல்லை, வரியின் பக்கச் சுவர் பள்ளத்தின் பக்கச் சுவரோடு நேராகப் பொருந்தி உட்காருவதில் இருக்கிறது. வரி தேய்ந்து பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் ஆப்பு போய்விடும். பெல்ட் சாய்வாக வந்து நுழைந்தால், உட்காரும் முன் அந்தச் சுவரில் உரசும். முதலாவது வழுக்கலுக்கு வழி, இரண்டாவது கீச்சொலிக்கு வழி.

உரசல் ஏன் சத்தமாகிறது என்ற கேள்விக்கு விடை தேடினால், பெங்களூரு தன்னுடையவர் என்று கொண்டாடும் ஒருவரிடம் போய் நிற்போம். திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், ஒளிச்சிதறலுக்காக உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே, கல்கத்தாவில் வயலின் நரம்புகளை வருடக்கணக்கில் ஆராய்ந்தார். வில்லால் இழுக்கப்படும் நரம்புகளின் அதிர்வைப் பற்றிய அவருடைய நீண்ட ஆய்வு 1918இல் வெளிவந்தது. வில் இழுக்கும்போது நரம்பு வில்லோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போகிறது, பிறகு சட்டென்று விடுபட்டு எதிர்ப்பக்கம் வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. இதை ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஏற்கெனவே கண்டிருந்தார். ராமன் அதை முழுக் கோட்பாடாக வளர்த்தார். ஒரே சீரான வேகத்திலும் அழுத்தத்திலும் வயலின் வாசிக்க ஓர் இயந்திரத்தையே கட்டி, நல்ல நாதம் நிலைக்க வில்லுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம் எப்படியெல்லாம் மாறுகிறது என்று அளந்தார். 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூரு வந்தவர், 1948இல் தன் பெயரிலான ஆய்வு நிலையத்தை இங்கே தொடங்கி, 1970இல் மறையும்வரை இந்த ஊரிலேயே இருந்தார். வயலின் மேதை சௌடையாவின் நினைவாக வயலின் வடிவிலேயே ஓர் அரங்கத்தைக் கட்டி வைத்திருக்கும் ஊர் இது. இங்கே தினமும் ஆயிரக்கணக்கான பானெட்டுகளுக்குள் அதே ஒட்டி-வழுக்கல் நடந்துகொண்டிருக்கிறது.

ஒட்டி-வழுக்கல் நடக்க ஒரே ஒரு நிபந்தனை வேண்டும். அசையாமல் ஒட்டியிருக்கும்போதுள்ள உராய்வு, வழுக்கும்போதுள்ள உராய்வைவிட அதிகமாக இருக்க வேண்டும். வயலின் வில்லில் ரோசின் தடவுவது இந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கத்தான். வெதுவெதுப்பான ரப்பரும் உலோகமும் ரோசின் இல்லாமலே இந்த நிபந்தனையை நிறைவேற்றுகின்றன. புல்லிக்குள் சாய்வாக நுழையும் பெல்ட் வரி, பள்ளத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் வளைகிறது. வளைவில் சேர்ந்த விசை உராய்வை வென்றவுடன் வரி சட்டென்று பள்ளத்துக்குள் விழுகிறது. அந்த விடுபடல்தான் ஒரு ‘கீச்’. உள்ளே உட்கார்ந்த பிறகு அதற்கு நகர இடமில்லை, ஆகவே சத்தம் உடனே அறுந்துவிடும். கீச்சொலி துண்டு துண்டாகக் கேட்பதற்குக் காரணம் இதுவே. பெல்ட் தளர்ந்திருந்தால் நடப்பது வேறு. அப்போது நுழைவாயிலில் மட்டுமின்றிப் புல்லியைச் சுற்றிய வளைவு முழுவதும் பெல்ட் வழுக்கும். ஒட்டலும் வழுக்கலும் இடைவிடாமல் தொடர்ந்து ‘கிரீச்ச்ச்’ என்று நீண்ட அலறலாக வரும். ஏசி போட்டாலோ ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலோ அது கூடும். இரண்டையும் ஒரே வார்த்தையில் ‘பெல்ட் சத்தம்’ என்று சொல்லிவிடுவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. இவற்றில் செலவாகும் ஆற்றல் மிகச் சொற்பம். ஆனால் மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான வீச்சில், ரப்பர் கத்துவதன் பெரும்பகுதியும் அங்கேதான் விழுகிறது.

இரண்டையும் பிரிக்க உலகெங்கும் மெக்கானிக்குகள் கையாளும் சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, எட்டி நின்று, ஸ்ப்ரே பாட்டிலால் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். கீச்சொலி சில விநாடி நின்று, தண்ணீர் காய்ந்ததும் திரும்பினால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சத்தம் நிற்காமல் இன்னும் கூடினால் பெல்ட்டின் இறுக்கம் போதவில்லை. எந்த மாற்றமும் இல்லையென்றால் சத்தம் பெல்ட்டின் பரப்பிலிருந்தே வரவில்லை. இது கைவைத்தியமாகத் தோன்றலாம், ஆனால் மேலே சொன்ன இயற்பியலிலிருந்து நேராகப் பிறப்பது. தண்ணீர் சுவருக்கும் வரிக்கும் இடையில் புகுந்து ஒட்டும் உராய்வைக் குறைக்கிறது. சாய்வாக நுழையும் வரி இப்போது ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இறங்குகிறது, சட்டென்று விடுபடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. தளர்ந்த பெல்ட்டுக்கோ ஏற்கெனவே உராய்வு பற்றாக்குறை. இருப்பதையும் தண்ணீர் பறித்தால் வழுக்கல் மிஞ்சும். ஒரே செயலுக்கு இரண்டு குறைகளும் எதிரெதிர் விளைவைத் தருவதால்தான் இந்தச் சோதனை நம்பத்தக்கதாகிறது. சத்தம் நின்றதைப் பார்த்துவிட்டு “பார்த்தீங்களா, பெல்ட்தான்” என்று முடிவு கட்டுவது, சோதனை சொன்னதைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

தண்ணீருக்கு இணையான சாட்சி தாளம். முன்பு எடுத்த அதே அளவுகளில், பெல்ட் விநாடிக்கு மூன்றரையிலிருந்து நான்கு முறை முழுச் சுற்று வரும். கிராங்க் புல்லி விநாடிக்குப் பன்னிரண்டரை முறை சுற்றும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிப்பதால், ஒரு சிலிண்டரோடோ அதன் வால்வோடோ தொடர்புள்ள சத்தம் விநாடிக்கு ஆறே கால் முறை வரும். ஐந்தரை செ.மீ. ஆல்டர்நேட்டர் புல்லியோ விநாடிக்கு முப்பது சுற்றுக்கு மேல் போய்விடும், அதைக் காது எண்ணாது, தொடர்ந்த கரகரப்பாகவே கேட்கும். ஆக, பத்து விநாடியில் முப்பத்தேழு கீச்சொலி எண்ண முடிந்தால் பெல்ட்டிலேயே குறிப்பிட்ட ஓர் இடத்தில் குறை என்று நினைக்கலாம்: ஒரு வரி கிழிந்திருக்கும், பள்ளத்தில் மணல் அடைத்திருக்கும். அறுபதுக்குச் சற்று மேல் எண்ணினால் பெல்ட்டை விட்டுவிட்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் கசிவு உண்டா என்று பாருங்கள். அங்கிருந்து வரும் வாயுக் கசிவு, குளிர்ந்த எஞ்சினில், ஏமாற்றும் அளவுக்குப் பெல்ட்டைப்போலக் கீச்சிடும். கிராங்க் புல்லியின் தாளம் வந்தால் அந்தப் புல்லியையே சந்தேகிக்க வேண்டும். பல கார்களில் அது இரண்டு உலோக வளையங்களுக்கு நடுவே ரப்பரை வைத்துச் செய்தது. ரப்பர் வயதானால் வெளிவளையம் தள்ளாடும். கைப்பேசியில் பதிவு செய்து வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டால் எண்ணுவது சுலபம். உங்கள் காரின் அளவுகள் வேறாக இருக்கும், எண்களும் மாறும். ஆனால் பெல்ட்டின் தாளம் கிராங்க்கின் தாளத்தைவிட எப்போதும் பலமடங்கு மெதுவானது என்பது மாறாது.

தண்ணீருக்கு அசையாத சத்தம் பேரிங்கிலிருந்து வருவதாக இருக்கலாம். அதற்கும் பழைய வழி ஒன்று கேரேஜ்களில் இன்றும் உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை, சுழலாத உலோக உறையின் மேல், அதாவது ஆல்டர்நேட்டரின் உடலிலோ டென்ஷனர் போல்ட்டின் தலையிலோ வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திக்கொள்வார்கள். நல்ல பேரிங் சீரான மெல்லிய ரீங்காரம் தரும். கிரீஸ் வறண்டது சொரசொரவென்று அரைக்கும். அதைவிடத் தீர்மானமான சோதனை, பெல்ட்டையே கழற்றிவிட்டு எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓடவிடுவது. சத்தம் நின்றால் பெல்ட் தொடும் ஏதோ ஒன்று, நிற்காவிட்டால் எஞ்சினுக்குள். வாட்டர் பம்ப் ஓடாத நிலை அது, ஆகவே அரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பெல்ட் கழன்றிருக்கும்போதே ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கலாம், முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் இருக்கும் புல்லி கோணலாக ஓடும். கழற்றிய பெல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தால் அதுவே பேசும். எல்லா வரிகளிலும் ஒரே பக்கச் சுவர் மட்டும் கண்ணாடிபோலப் பளபளத்து, மறுபக்கச் சுவர் மங்கலாகவே இருந்தால், அது மாதக்கணக்கில் சாய்வாக ஓடியிருக்கிறது. ஓர் ஓரத்தில் மட்டும் நூல் பிரிந்திருந்தால் எந்தப் பக்கம் இழுபட்டது என்பதும் தெரியும்.

கோணல் என்றால் எவ்வளவு என்று கேட்கலாம். 30 செ.மீ. இடைவெளியுள்ள இரண்டு புல்லிகளுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் விலகலே வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. கோணத்தில் இது ஒரு டிகிரியின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நேர்கோல் வைத்தோ நூல் பிடித்தோ லேசர் கருவியாலோ பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த விலகல் எங்கிருந்து வருகிறது? தானியங்கி டென்ஷனர் உள்ள கார்களில் அதன் கை சுழலும் புஷ் தேய்ந்து, கை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். என் மதிப்பில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆல்டர்நேட்டரைத் தாங்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம், வேறு வேலைக்காகக் கழற்றியவர் வாஷர் ஒன்றை மாற்றிப் போட்டிருக்கலாம், மலிவான மாற்றுப் புல்லியின் பள்ளம் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வார்க்கப்பட்டிருக்கலாம். டென்ஷனர் இல்லாத சிறிய கார்களில், ஆல்டர்நேட்டர் பிராக்கெட்டின் நீள்துளையில் போல்ட்டைத் தளர்த்தி நெம்பிக் கையால்தான் இறுக்குவார்கள். இங்கே எந்தச் சத்தத்துக்கும் ஒரே மருந்து ‘இன்னும் கொஞ்சம் டைட்’ என்பதாகிவிடுகிறது. தளர்ந்த பெல்ட்டுக்கு அது சரியான மருந்து. கோணலான பெல்ட்டுக்கு அது கேடு. அளவுக்கு மீறிய இழுவிசை முழுவதும் ஆல்டர்நேட்டர் பேரிங்கிலும் வாட்டர் பம்ப் பேரிங்கிலும் போய் உட்காரும். சில நூறு ரூபாய் பெல்ட்டின் சத்தத்தை அடக்கப் பல ஆயிரம் ரூபாய் பாகத்தைக் கொல்வது இப்படித்தான்.

“பெல்ட்டை மாற்றினால் சத்தம் நிற்கிறதே, அதுவே பெல்ட்டின் குறைக்குச் சான்று இல்லையா?” என்ற கேள்வி நியாயமானது. நிற்பது உண்மை. புது பெல்ட்டின் வரிச்சுவர்கள் இன்னும் பளபளப்பேறாதவை, கோணலுக்கு ஏற்பத் தேயாதவை. அதே சாய்வான பாதையில் ஓடி ஓடி, பழைய பெல்ட் பெற்ற அதே பளபளப்பை அதுவும் பெறும்போது, சத்தம் திரும்பும். சத்தம் நின்றதா என்பதைவிட எத்தனை நாள் நின்றது என்பதே சான்று. இன்னொரு தீர்வாகப் பூச்சுகளைச் சொல்வார்கள்: பெல்ட் டிரெஸ்ஸிங், துரு நீக்கும் எண்ணெய், சோப்புக் கட்டி, மெழுகு. இவையும் சத்தத்தை நிறுத்தும், சோதனைத் தண்ணீர் நிறுத்துவதைப் போலவே. வேறுபாடு என்னவென்றால் தண்ணீர் காய்ந்துவிடும், இவை தங்கிவிடும். தங்கிய பிசுக்கில் தூசி ஒட்டி அரைக்கும். எண்ணெய் வகைகளின் கேடு இன்னும் ஆழமானது. 1990களின் பிற்பகுதியிலிருந்து பெல்ட் ரப்பர் மெல்ல மெல்ல நியோப்ரீனிலிருந்து ஈபிடிஎம் வகைக்கு மாறியது. ஈபிடிஎம் வெப்பத்தையும் ஓசோனையும் அருமையாகத் தாங்கும், ஆனால் அது முழு ஹைட்ரோகார்பன், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். நியோப்ரீன் காலத்தில் ஓரளவு பிழைத்துக்கொண்ட கைமருந்து இன்றைய பெல்ட்டுக்கு நஞ்சு. இதே மாற்றம் கண்ணையும் ஏமாற்றுகிறது. நியோப்ரீன் பெல்ட் வயதானால் குறுக்கே வெடித்துக் காட்டும். ஈபிடிஎம் பெல்ட் வெடிப்பே இல்லாமல் வரிகளில் மெல்லத் தேய்ந்துகொண்டிருக்கும். “வெடிப்பில்லை, நல்லா இருக்கு” என்பதும் இப்போது போதிய தீர்ப்பு அல்ல, தேய்மானத்தை அளக்கும் சிறு பிளாஸ்டிக் அளவுகோலைப் பள்ளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பெல்ட்டை மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. பெல்ட் தேயும் பொருள், அதற்கு ஆயுள் உண்டு. ஆனால் அந்த ஆயுளைக் கிலோமீட்டரில் எண்ணுவது பெங்களூருக்குப் பொருந்தாது. டாம்டாம் நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்நகரில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 28 நிமிடம் ஆனது. அந்த நேரத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,100 சுற்று ஓடுவதாகக் கொண்டால் மொத்தம் 31,000 சுற்று. அதே 10 கி.மீ.யை நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில், 2,000 சுற்றில் கடந்தால் 15,000 மட்டுமே. ஓடோமீட்டர் காட்டுவதைப்போல இரண்டு மடங்கு பெல்ட் வளைந்து நிமிர்ந்திருக்கிறது, அதுவும் காற்றோட்டம் இல்லாத சூட்டில், மெட்ரோ வேலைகளும் கான்கிரீட் சாலைப் பணிகளும் கிளப்பும் சிமென்ட் தூசியில். சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் வரை தினம் போய்வரும் காருக்கும் துமகூரு நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கும் ஒரே கிலோமீட்டர் அட்டவணை போடுவதில் பொருளில்லை. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர், ஏமலூர்ப் பகுதிகளும் மூழ்கியதுபோன்ற வெள்ளத்தில் சிக்கிய வண்டிகளுக்குக் கணக்கே வேறு. சேற்றுநீர் பேரிங்கின் சீலைத் தாண்டிவிட்டால் கிரீஸ் உடனே கெடாது, மாதங்கள் கழித்துத்தான் கத்தத் தொடங்கும். அப்போது வெள்ளத்தை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

“காலையில் மட்டும் கத்துகிறது, ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது, விட்டுவிடலாமே” என்பது அடுத்த மறுப்பு. டிசம்பர், ஜனவரியில் பெங்களூரின் அதிகாலை வெப்பம் சுமார் 16 டிகிரிக்கு இறங்கும். இரவில் புல்லிகளின் மேல் படியும் ஈரப்படலம் மிக மெல்லியது. ஸ்ப்ரே செய்த தண்ணீர்போல அது முழுதாக வழுக்க விடுவதில்லை. வேகம் கூடக் கூட உராய்வு குறைகிற, ஒட்டி-வழுக்கலுக்கு மிகவும் ஏற்ற நடுநிலையை அது உண்டாக்குகிறது. மேலும் அப்போதுதான் ஆல்டர்நேட்டரின் சுமையும் அதிகம். எஞ்சின் சூடேறி ஈரம் போனதும் பெல்ட் அமைதியாவது உண்மை. ஆனால் நல்ல இறுக்கமும் நேரான புல்லிகளும் உள்ள அமைப்பு அந்த ஐந்து நிமிடத்தையும் சத்தமின்றித் தாண்டிவிடும். அடைமழைக்கு மறுநாள் ஒரே ஒரு காலை கேட்டால் விட்டுவிடுங்கள். வறண்ட நாட்களிலும் தொடர்ந்தால் உராய்வின் கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

கடைசி மறுப்பு பணத்தைப் பற்றியது, எனக்கு மிக வலுவாகப் படுவதும் அதுதான். பெல்ட் மலிவு, மெக்கானிக்கின் நேரம் விலையுயர்ந்தது, ஆகவே மாற்றிவிட்டுப் பார்ப்பதே சிக்கனம் என்கிறார்கள். பெல்ட் ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்தால் இது சரி. ஆனால் கீச்சிட்டது இறுகிக்கொண்டிருக்கும் ஐட்லர் (பெல்ட்டை வழிநடத்த மட்டும் உள்ள புல்லி) பேரிங் என்றால், அது ஒரு நாள் பூட்டிக்கொள்ளும்போது புது பெல்ட்டும் அறுந்துபோகும். அத்தோடு பேட்டரிக்கு மின்சாரம் நிற்கும், வாட்டர் பம்ப் அதே பெல்ட்டில் ஓடும் காரில் எஞ்சின் கொதிக்கும், ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கல்லாகும். சில எஞ்சின்களில் அறுந்த பெல்ட்டின் நூல்கள் கிராங்க் புல்லிக்குப் பின்னால் இழுபட்டு டைமிங் மூடிக்குள்ளேயே போயிருக்கின்றன. ஹெப்பாள் மேம்பாலத்தில் மாலை ஏழு மணிக்கு இது நடந்தால் இழப்பு ஒரு காருக்கு மட்டுமல்ல. மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. நம் பில்லில் பாகத்துக்கு ஒரு வரி இருக்கிறது, மாட்டும் கூலிக்கு ஒரு வரி இருக்கிறது, கண்டுபிடித்ததற்கு ஒரு வரி கிடையாது. இருபது நிமிடம் காதை வைத்துக் கேட்டு “பெல்ட் நல்லா இருக்கு, டென்ஷனர் புஷ்தான் போயிருக்கு” என்று சொல்பவருக்கு நாம் எதுவும் கொடுப்பதில்லை. கேட்காமல் பெல்ட்டை மாற்றுபவருக்குக் கொடுக்கிறோம். இந்தக் கூலி முறை மாறாதவரை கவனமாகக் கேட்கும் காதுகள் தொழிலில் குறைந்துகொண்டே போகும்.

ஆகவே வாசகரிடம் என் வேண்டுகோள்: அடுத்த முறை சத்தம் வந்தால், கேரேஜுக்குப் போகும் முன் அதைக் குளிர்ந்த எஞ்சினிலும் சூடான எஞ்சினிலும் ஒவ்வொரு முறை பதிவு செய்துகொள்ளுங்கள், ஏசி போட்டும் போடாமலும். கண்டுபிடிப்பதற்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழற்றிய பெல்ட்டை வாங்கி வரிகளைப் பாருங்கள். பெல்ட் மாற்றியே ஆக வேண்டும் என்றால் டென்ஷனரையும் ஐட்லரையும் கையால் சுற்றிப் பார்க்காமல் புதியதை மாட்ட விடாதீர்கள். தண்ணீர்ச் சோதனையை நீங்களே செய்வதானால் கையை உள்ளே நீட்டிக் குனிய வேண்டாம். துப்பட்டா, புடவைத் தலைப்பு, தளர்ந்த சட்டைக்கை, கழுத்தில் தொங்கும் அலுவலக அடையாள அட்டை எல்லாவற்றையும் முதலில் அகற்றுங்கள். பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பதென்றால் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்ட பிறகே தொடுங்கள், ரேடியேட்டர் விசிறி அதற்குப் பிறகும் தானாகவே சுழலக்கூடும்.